மேட் பேப்பரில் கருப்பு வெள்ளைப் படம் சரியாக வரவில்லையா? கோளாறு வாரியாக ஒரு வழிமுறை

"எந்த மேட் பேப்பர் வாங்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்களில் பலர் கையில் ஒரு பிரிண்டும் கொண்டுவருவார்கள். அதில் கருப்பு வெளுத்திருக்கும், இல்லை முகத்தில் பச்சை அடித்திருக்கும். பேப்பரை மாற்றினால் தீர்ந்துவிடும் என்று நம்பி வந்திருப்பார்கள். நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் ஒன்று மாற்றி ஒன்றாக வாங்கினேன். அப்புறம் ஒரே படத்தை வைத்துக்கொண்டு கோளாறுகளை ஒவ்வொன்றாகத் துரத்தியபோதுதான், பேப்பரைக் குறை சொல்ல வேண்டிய இடம் எது என்று பிடிபட்டது.

அந்தப் படம் எங்கள் ஆச்சியின் அடுப்படி. மண் அடுப்பு, கரி படிந்த சுவர், சுவரில் சாய்த்து வைத்த இரும்பு தோசைக்கல். ஓட்டு இடுக்கில் இறங்கும் வெளிச்சத்தில் ஒரு பித்தளைச் செம்பின் விளிம்பு மட்டும் மின்னும். கரிச்சுவரும் தோசைக்கல்லும் தனித்தனியாகத் தெரிந்தால்தான் அது படம். உங்களிடமும் இப்படி இருட்டும் வெளிச்சமும் சேர்ந்த ஒரு படம் இருக்கும். அதையே ஏ4இல் பாதி அளவுக்கு வைத்து எல்லாச் சோதனைக்கும் பயன்படுத்துங்கள். படத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் எதுவும் பிடிபடாது.

கீழே எந்தக் கோளாறுக்குப் போனாலும் முதலில் ஒரு நாசில் செக், அதாவது மை வரும் துளைகள் எல்லாம் திறந்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனை அச்சு, அடித்துவிடுங்கள். சாதாரண வெள்ளைத் தாள் போதும். பிரிண்டைப் பார்ப்பது பகலில், ஜன்னலோரத்தில், நேர் வெயில் படாத இடத்தில்.

கருப்பு கருப்பாக இல்லை, சாம்பல் பூத்திருக்கிறது

*பக்கம் மாறியிருக்கிறதா?* மேட் பேப்பரில் பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குத்தான் மையைப் பிடித்துவைக்கும் பூச்சு, அதாவது கோட்டிங், இருக்கும். பளபளப்பு இல்லாததால் பார்த்தவுடன் தெரியாது. மூலையில் ஈர விரலால் தொட்டால் கோட்டிங் உள்ள பக்கம் லேசாக ஒட்டும். ஜன்னல் வெளிச்சத்தில் அந்தப் பக்கம் ஒரு படி கூடுதல் வெள்ளையாகவும் தெரியும். பின்பக்கத்தில் அடித்துவிட்டால் மை உள்ளே இறங்கி, செய்தித்தாளில் வந்த படம் மாதிரி ஆகிவிடும். பொதியைத் திறந்ததும் தாள்களின் பின்பக்க மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பது என் வழக்கம்.

*டிரைவரில் மீடியா டைப் என்ன?* நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். டிரைவர் என்பது கணினியில் அச்சு அமைப்புகளைக் காட்டும் மென்பொருள், மீடியா டைப் என்பது அதில் தாளின் வகையைச் சொல்லும் இடம். பிக்மென்ட் மை (நிறம் நுண்துகள்களாக மிதக்கும் மை) பிரிண்டர்களில் போட்டோ பிளாக், மேட் பிளாக் என்று இரண்டு கருப்பு உண்டு. டிரேயில் எந்தத் தாள் இருக்கிறது என்று பிரிண்டருக்குத் தெரியாது. நீங்கள் டிரைவரில் சொல்வதை வைத்துத்தான் கருப்பைத் தேர்ந்தெடுக்கும். கிளாஸி, லஸ்டர் என்று ஏதாவது பளபளப்புத் தாளின் பெயரை விட்டுவைத்தால் போட்டோ பிளாக் இறங்கும். மேட் பேப்பரில் அந்த மை எத்தனை ஊற்றினாலும் அடர் சாம்பலைத் தாண்டாது. மேட் அல்லது ஃபைன் ஆர்ட் வகைக்கு மாற்றி, திரையில் மேட் பிளாக் என்று வருகிறதா பாருங்கள்.

எப்சன் பி800 போன்ற மாடல்களில் இரண்டு கருப்பும் ஒரே வழியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கொஞ்சம் மை வீணாகப் போகும், அதனால் மேட் வேலைகளைச் சேர்த்துவைத்து ஒரே நாளில் அடிப்பது நல்லது. 2020இல் வந்த எப்சன் பி700, பி900, கேனான் புரோ-300 மாடல்களில் இரண்டு கருப்புக்கும் தனித்தனி வழி என்பதால் இந்தக் கவலை இல்லை.

எப்சன் எல்805 மாதிரி ஆறு மை டேங்க் பிரிண்டர் என்றால் அதில் மேட் பிளாக்கே கிடையாது, எல்லாம் டை மை, அதாவது கரைந்த சாயம். அங்கேயும் மீடியா டைப்பை மேட் என்று வையுங்கள். மற்றபடி கருப்பின் ஆழத்தைப் பேப்பரின் கோட்டிங்தான் தீர்மானிக்கும். ஸ்டேஷனரி கடையில் வாங்கிய ஓவியத் தாளில் இங்க்ஜெட் கோட்டிங் இருக்காது. அதில் ஆழமான கருப்பு வராது.

*மை காய்ந்துவிட்டதா?* டிரேயிலிருந்து எடுத்த ஈரத்தோடு முடிவு செய்யாதீர்கள். அரை மணி நேரம் கழித்து ஒரு முறை, மறுநாள் காலை ஒரு முறை பாருங்கள்.

*மேலே நன்றாக இருந்து கீழே போகப்போக வெளுக்கிறதா?* அப்படியானால் மை தெளிக்கும் ஹெட்டுக்கு மை போதுமான வேகத்தில் வரவில்லை. டேங்க் அளவைப் பாருங்கள், குழாயில் காற்று நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் தொடர்ந்தால் ஹெட்டுக்குப் போகும் மையைச் சீராக்கும் டேம்பர் என்ற பாகத்தின் பக்கம் கோளாறாக இருக்கலாம். பிரித்துப் பார்க்காமல் சர்வீஸ்காரரைக் கூப்பிடுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கிளாஸி அளவுக்குக் கருப்பு வரவில்லை என்றால் அது கோளாறே இல்லை. நல்ல மேட் பேப்பரில் கருப்பின் அடர்த்தி சுமார் 1.6 வரும், நல்ல கிளாஸியில் 2.3ஐத் தொடும். மேட்டின் கருப்பு விழுகிற வெளிச்சத்தில் 2.5 சதவீதத்தையும், கிளாஸியின் கருப்பு அரை சதவீதத்தையும் திருப்பி அனுப்புகிறது என்று பொருள். பக்கத்தில் பக்கமாக வைத்தால் மேட் தோற்கும். தனியாகச் சுவரில் மாட்டினால் கண் பழகிக்கொள்ளும். கண்ணாடி மாதிரி எதிரொளிக்காததால் இருண்ட பகுதியை எந்தக் கோணத்திலும் பார்க்க முடியும். அதற்காகத்தான் நான் மேட்டை விடவில்லை.

நிழலில் இருந்ததெல்லாம் ஒரே கட்டியாகிவிட்டது

கருப்பு ஆழமாக இருக்கிறது, ஆனால் தோசைக்கல்லும் சுவரும் ஒன்றாகிவிட்டன. மேட் பேப்பரில் அதிகம் மனதை உடைப்பது இதுதான், பொறுமையாகப் பார்த்தால் அதிகம் சரிசெய்ய முடிவதும் இதைத்தான்.

*திரை அளவுக்கு மேல் வெளிச்சமாக இருக்கிறதா?* ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திரையில் திறந்து, பக்கத்தில் ஜன்னல் வெளிச்சம் படும்படி ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். திரை விளக்கு போல எரிந்தால் வெளிச்சத்தைக் குறைத்து இரண்டையும் ஒன்றாக்குங்கள். பிரிண்ட் வேலைக்குச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா போதும். பல லேப்டாப்கள் முழு வெளிச்சத்தில் 300ஐத் தாண்டும். அதில் தெளிவாகத் தெரிந்த நிழல் தாளில் வராததில் ஆச்சரியம் இல்லை.

*வண்ண நிர்வாகத்தை ஒருவர்தான் செய்கிறாரா?* போட்டோஷாப்பில் பேப்பரின் ஐசிசி ப்ரொஃபைலை (அந்தப் பிரிண்டரில் அந்தப் பேப்பர் நிறத்தை எப்படிக் காட்டும் என்ற கோப்பு) தேர்ந்தெடுத்தால் பிரிண்டர் டிரைவரில் கலர் திருத்தத்தை அணைத்துவிட வேண்டும். இரண்டும் திருத்தினால் நிழல் அடைக்கும், நிறமும் சாயும். பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன் டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் பேப்பரால் காட்ட முடியாத கருப்புகள் எல்லாம் ஒரே கருப்பாக வெட்டுப்படும்.

எப்சனின் அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட் முறையில் அடிக்கிறீர்கள் என்றால் அங்கே டோன் என்ற இடத்தைப் பாருங்கள். ‘டார்க்கர்’ என்று நிற்கும். ‘டார்க்’, ‘நார்மல்’ என்று ஒவ்வொரு படியாக மாற்றி அடித்து ஒப்பிடுங்கள்.

*பேப்பர் எந்த இடத்தில் அடைக்கிறது என்று அளந்தீர்களா?* இதற்கு ஒரு துண்டுத் தாள் செலவாகும், அவ்வளவுதான். 0 முதல் 100 சதவீதம் வரை 5 சதவீத இடைவெளியில் 21 கட்டங்கள் கொண்ட சாம்பல் பட்டை ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். அதன் கீழே இருட்டுக்கு மட்டும் இன்னொரு பட்டை: ஆர்ஜிபி மதிப்பு (0 முழுக் கருப்பு, 255 முழு வெள்ளை) 0, 4, 8, 12 என்று 40 வரை. உங்கள் வழக்கமான அமைப்பிலேயே அடித்து, காயவிட்டு, ஜன்னலோரத்தில் பாருங்கள். எந்தக் கட்டத்தில் முதல் முறையாக ஒரு வேறுபாடு தெரிகிறதோ அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் பழகுவதற்கு வைத்திருக்கும் பேப்பரில் அது 16. அதற்குக் கீழே உள்ள அத்தனையும் ஒரே கருப்பு. அடுப்படிப் படத்தில் தோசைக்கல்லின் மேல் கர்சரை வைத்துப் பார்த்தேன்: 6, 9, 14. மொத்தக் கல்லும் பேப்பரால் காட்ட முடியாத இடத்தில் உட்கார்ந்திருந்தது. போட்டோஷாப்பில் வெளிச்ச அளவுகளை மாற்றும் கர்வ்ஸில் 0வை அப்படியே விட்டு, அந்தப் பகுதியை மட்டும் 18 முதல் 30 வரை தூக்கினேன். அடுத்த பிரிண்டில் கல்லின் வட்டம் தெரிந்தது, பிடியில் இருந்த தேய்மானம் தெரிந்தது, அதற்குப் பின்னால் சுவரில் கரி திட்டுத் திட்டாக வழிந்திருந்ததும் தெரிந்தது. ஆச்சி அந்தக் கல்லை எந்தப் பக்கம் பிடிப்பாள் என்று எனக்கு நினைவு வந்ததே அப்போதுதான். அன்று மாற்றியது நான்கைந்து எண்கள்தான், பேப்பர் அதேதான்.

தூக்கியது திரையில் கொஞ்சம் வெளுத்ததாகத் தெரியும். பொருட்படுத்தாதீர்கள். மூலப் பிரதியில் கை வைக்காமல், ‘மேட்டுக்கு’ என்று தனிப் பிரதியாகச் சேமியுங்கள்.

*மை அளவுக்கு மேல் இறங்குகிறதா?* கருப்புப் பகுதி புள்ளி புள்ளியாகத் திரண்டு, தாளின் பின்பக்கம் ஈரமாகத் தெரிந்தால் மெல்லிய பேப்பருக்குத் தடிமன் பேப்பரின் மீடியா டைப் கொடுத்திருக்கிறீர்கள். மாற்றுங்கள், அல்லது டிரைவரில் கலர் டென்சிட்டியைச் சில புள்ளிகள் குறையுங்கள். பட்டையை மறுபடி அடித்துப் பாருங்கள்.

எல்லாம் செய்தும் 30க்குக் கீழே எதுவும் பிரியவில்லை என்றால், உங்கள் பிரிண்டருக்கும் அந்தப் பேப்பருக்கும் சேர்த்து அளந்து ப்ரொஃபைல் செய்து தருபவரிடம் போகலாம். பணம் செலவாகும். ஒரே பேப்பரில் தொடர்ந்து அடிப்பவர் என்றால் மட்டும் செய்யுங்கள்.

சாம்பலில் பச்சையோ சிவப்போ அடிக்கிறது

நாசில் செக்கை முதலில் சொன்னது முக்கியமாக இதற்குத்தான். மெஜென்டா அல்லது லைட் மெஜென்டா விட்டுப்போனால் சாம்பல் பச்சையாகும். சயன் விட்டுப்போனால் சிவப்புப் பக்கம் சாயும், மஞ்சள் விட்டுப்போனால் நீலம். கலர் படத்தில் கண் மன்னித்துவிடும் அளவுகூட கருப்பு வெள்ளையில் உடனே குத்தும்.

நாசில் சரி என்றால் மேலே சொன்ன இரட்டைத் திருத்தத்தைப் பாருங்கள். அதுவும் சரி என்றால் பிரிண்டை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடங்கள்: ஜன்னல், எல்இடி பல்பு, டியூப்லைட். ஜன்னலோரத்தில் சரியாக இருந்து டியூப்லைட்டில் மட்டும் பச்சையடித்தால், வண்ண மைகளைக் கலந்து சாம்பல் செய்வதன் விளைவு அது. ஒவ்வொரு விளக்கிலும் அந்தக் கலவை வேறுவிதமாகத் தெரியும். கருப்பு, சாம்பல், வெளிர் சாம்பல் என்று மூன்று நிலைக் கருப்பு மை உள்ள பிரிண்டரில் இது வெகுவாகக் குறையும். எப்சன் 2005இல் ஆர்2400 மாடலோடு மூன்று கருப்பையும் அந்தத் தனிக் கருப்பு வெள்ளை முறையையும் கொண்டுவந்த பிறகுதான் வீட்டில் அடிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அடங்கியது. அந்த முறை உங்கள் பிரிண்டரில் இருந்தால் வேறு எதையும் தேடாமல் அதிலேயே அடியுங்கள். ஒத்துவரும் எப்சன் மாடல் உள்ளவர்களுக்குக் குவாட்டோன் ரிப் என்ற மென்பொருளும் நல்ல வழி.

ஆறு மை டேங்க் பிரிண்டரில் மூன்று கருப்பு இல்லை. அங்கே இரண்டு வழி. கருப்பு மை மட்டும் என்று அடித்தால் நிறம் சாயவே சாயாது, ஆனால் வெளிர் இடங்களில், முகத்தில், வானத்தில், புள்ளிகள் தெரியும். கரடுமுரடான காட்சிக்கு அது பரவாயில்லை. முகத்துக்கு இரண்டாம் வழி: படத்துக்கே லேசாக ஒரு பழுப்பு ஏற்றிவிடுங்கள். முழு நடுநிலைச் சாம்பல் கொஞ்சம் சாய்ந்தாலும் கண்ணுக்குத் தெரியும், வெதுவெதுப்பான சாம்பல் அதே அளவு சாய்ந்தால் தெரியாது. டேங்க் பிரிண்டரில் மனிதர்கள் உள்ள படத்தை நான் வேறு மாதிரி அடிப்பதில்லை.

மலிவான மாற்று மை ஊற்றியிருந்தால் தயாரிப்பாளர் கொடுத்த ப்ரொஃபைல் எதுவும் பொருந்தாது. அப்போது பேப்பரைக் குறை சொல்ல வழியில்லை.

பேப்பரின் வெள்ளை நீலமாக இருக்கிறது, அல்லது நாளாக ஆக மஞ்சளாகிறது

இங்கே பேப்பர்தான் காரணம். வெள்ளையைக் கூட்டுவதற்காகச் சேர்க்கும் ஒளியூக்கிப் பொருள், புற ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும். கடைகளில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கின் கீழே தாளைக் காட்டுங்கள். பளிச்சென்று நீலம் அடித்தால் அந்தப் பொருள் நிறைய இருக்கிறது. வருடங்கள் போகப்போக அது செயல் இழக்கும், பேப்பர் தன் இயல்பான மங்கல் வெள்ளைக்குத் திரும்பும். நமக்கு அது மஞ்சளானது மாதிரி தெரியும்.

பெயரிலேயே குறிப்பு இருக்கும். ‘பிரைட்’ என்றால் அந்தப் பொருள் உண்டு, ‘நேச்சுரல்’ என்றால் பெரும்பாலும் இல்லை. எப்சனின் ஹாட் பிரஸ் பிரைட், ஹாட் பிரஸ் நேச்சுரல் இரண்டையும் அடுத்தடுத்து அந்த விளக்கில் வைத்தால் வேறுபாடு தெரிந்துவிடும். வீட்டில் வைத்துக் காக்கப்போகும் படத்துக்கு நூறு சதவீதம் காட்டன், ஒளியூக்கி இல்லாதது, இதுதான் என் தேர்வு. அதற்கு முன் ஊற்றும் மையையும் யோசியுங்கள். டை மை, பிக்மென்ட் அளவுக்கு நிற்காது. டை மையை விலை உயர்ந்த காட்டனில் ஊற்றிப் பேரன் காலம் வரை எதிர்பார்க்க வேண்டாம்.

கருப்பில் வெள்ளைப் புள்ளிகள்

காட்டன் பேப்பரின் மேற்பரப்பில் தூசும் தளர்ந்த இழையும் ஒட்டியிருக்கும். அதன் மேல் மை விழும், அப்புறம் இழை உதிரும், அந்த இடம் வெள்ளையாக நிற்கும். அடிக்கும் முன் தாளைச் செங்குத்தாகப் பிடித்து மென்மையான அகலத் தூரிகையால் மேலிருந்து கீழாக இரண்டு முறை வருடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி பட்ட இடம் நிச்சயம் கறையாகும். ஒரு சில புள்ளிகள்தான் என்றால் நன்றாகக் கூர்சீவிய பென்சிலால் தொட்டு மறைத்துவிடலாம், மேட்டில் அது தெரியாது. தூரிகை போட்டும் ஒவ்வொரு தாளிலும் வந்தால் அந்தப் பொதியே சரியில்லை. கடையில் திருப்பிக் கொடுங்கள்.

ஓரத்தில் கருப்பு இழுவல், அல்லது பேப்பர் உள்ளே உரசும் சத்தம்

சத்தம் கேட்டால் உடனே வேலையை நிறுத்துங்கள். வளைந்த தாளில் ஹெட் உரசுகிறது. அப்படியே விட்டால் ஹெட்டுக்கே ஆபத்து.

நான் இருப்பது தூத்துக்குடியில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காற்றில் பொதியை ஓர் இரவு திறந்து வைத்தாலே தாளின் ஓரம் அலை அலையாகிவிடும். தாள்களை சிலிக்கா ஜெல் பையோடு ஜிப் கவரில் வைத்து, அடிக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாக எடுங்கள். வளைந்துவிட்டால் இரண்டு சுத்தமான தாள்களுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களின் கீழே ஏசி அறையில் ஓர் இரவு விடுங்கள்.

தாள் தட்டையாக இருந்தும் இழுவினால் டிரைவரில் பேப்பர் தடிமன், பிளேட்டன் இடைவெளி (ஹெட்டுக்கும் தாளுக்கும் நடுவே உள்ள இடைவெளி) இரண்டையும் ஒரு படி கூட்டுங்கள். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) தாளுக்கு வழக்கமான டிரே ஆகாது, தடிமன் தாளுக்கென்று உள்ள வழியில் ஒவ்வொன்றாகச் செலுத்துங்கள். ஃபைன் ஆர்ட் வகையைத் தேர்ந்ததும் சில டிரைவர்கள் மேலும் கீழும் பெரிய ஓரம் விடச் சொல்லும். தாளின் முனையில் உரசல் வரக்கூடாது என்பதற்காகத்தான் அது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். உங்கள் பிரிண்டர் எவ்வளவு தடிமன் தாங்கும் என்பது மேனுவலில் இருக்கும். அதற்கு மேல் போனால் வாங்கிய பேப்பர் எவ்வளவு நல்லதானாலும் அந்த பிரிண்டருக்கு ஆகாது.

சமமான சாம்பலில் கோடு கோடாக

நாசில் செக், ஹெட் அலைன்மென்ட், பிறகு ஹை ஸ்பீடு அல்லது இருதிசை அச்சை அணைப்பது, இந்த வரிசையில் போங்கள். கிளீனிங்கை மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள். மை வீணாகும், கழிவு மையை உறிஞ்சும் வேஸ்ட் இங்க் பேட் நிரம்பும். மூன்றுக்குப் பிறகு ஓர் இரவு சும்மா விட்டுக் காலையில் பாருங்கள், பாதி நேரம் தானாகத் திறந்திருக்கும். மறுநாளும் அதே நாசில்கள் அதே இடத்தில் விட்டுப்போனாலோ, பேட் நிரம்பிய எச்சரிக்கை வந்தாலோ சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். ஹெட் மாற்றச் சொன்னால் முதலில் விலையைக் கேளுங்கள், டேங்க் பிரிண்டரில் புதியது வாங்குவதோடு ஒப்பிட வேண்டிய தொகையாக இருக்கும்.

வராமல் தடுக்க ஒரு பழக்கம்: பிரிண்டரைச் சுவர் சுவிட்சில் அணைக்காமல் அதன் சொந்தப் பொத்தானில் அணையுங்கள். அப்போதுதான் ஹெட் தன் மூடிக்குள் போய் உட்காரும். கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் ஒரு யூபிஎஸ் வைப்பது ஹெட்டுக்குச் செய்யும் பெரிய உதவி.

ஃபிரேமுக்குள் போன பிறகு கெட்டது

கண்ணாடியின் உள்ளே பனி படர்ந்த மாதிரி இருந்தால் மை முழுவதும் காயும் முன் மூடிவிட்டீர்கள். பிரிண்டின் மேல் சாதாரணத் தாளை வைத்து 24 மணி நேரம் விட்டுவிட்டு ஃபிரேம் போடுங்கள். கருப்பில் வெளிறிய கீறல் இருந்தால் அது கை பட்டது. மேட் கருப்பு நகம் பட்டாலே தடம் விடும், இதைச் சரிசெய்ய வழியில்லை, மறுபடி அடிக்க வேண்டும். பிரிண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று நேராக அடுக்காதீர்கள், கண்ணாடியும் பிரிண்டும் தொடாதபடி நடுவே மவுன்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) வையுங்கள்.

எல்லாம் சரி, இனி பேப்பரை மாற்றலாம்

சாம்பல் பட்டை நன்றாக வருகிறது, நிறம் சாயவில்லை, கோடு இல்லை. இப்போதும் படம் பிடிக்கவில்லை என்றால் பேப்பருக்குச் செலவு செய்யலாம். பழகுவதற்கும் பரிசோதனைக்கும் 190 ஜிஎஸ்எம் அளவில் உள்ள கோட்டட் மேட் போதும். காட்டனுக்குப் போகும்போது பெரிய பொதி வாங்காமல் மாதிரிப் பொதி வாங்குங்கள். ஹானமூலே, கேன்சன் என்ற இரண்டு பேப்பர் நிறுவனங்களும் பல வகைத் தாள்களைச் சேர்த்து அப்படித் தருகின்றன.

முகம், தோல், மெல்லிய சாம்பல்கள் என்றால் வழுவழுப்பான மேற்பரப்பு வேண்டும். ஹானமூலே போட்டோ ராக் 308, கேன்சன் ராக் போட்டோகிராஃபிக் 310 இரண்டும் இந்த வகை, இரண்டும் காட்டன். ஜெர்மன் எட்சிங் மாதிரி சொரசொரப்பு உள்ள தாள் கல், மரம், பழைய சுவர் இவற்றுக்கு அழகு, ஆனால் சின்னப் படத்தில் நுணுக்கத்தைத் தின்றுவிடும். ஏ4இல் முகத்தை அதில் அடித்து ஏமாந்திருக்கிறேன். அடுப்படிப் படத்தை இரண்டிலும் அடித்தேன். சொரசொரப்பில் சுவர் உயிரோடு இருந்தது, செம்பின் விளிம்பு உடைந்துபோனது. வழுவழுப்பில் விளிம்பு ஒரே கோடாக நின்றது. வழுவழுப்பையே வைத்துக்கொண்டேன்.

புதிய பேப்பருக்கு அதன் தயாரிப்பாளர் உங்கள் பிரிண்டர் மாடலுக்குக் கொடுக்கும் ப்ரொஃபைலை இறக்கி, அவர்கள் சொல்லும் மீடியா டைப்பை அப்படியே வைத்து, சாம்பல் பட்டையை மறுபடி அடியுங்கள். எந்த எண்ணில் பிரிகிறது என்பதைப் பேப்பர் பெயர், மீடியா டைப், தேதியோடு அந்தத் தாளின் பின்னால் பென்சிலில் எழுதி, பொதிக்குள்ளேயே போட்டு வையுங்கள்.